மூன்றாவது பச்சை விளக்கு

விமான மெக்கானிக்குக்குப் பறக்கப் பயம் என்றால் யார் நம்புவார்கள்? நம்ம ஆள் அப்படித்தான். பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே தலை நரைத்தவர், ஒருநாளும் பறந்ததில்லை. சக்கரத்தில் கை வைத்தவர்தான் அந்த விமானம் மறுபடி கிளம்பும்போது பைலட் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். முதுகுவலி, தலைசுற்றல் என்று சாக்குச் சொல்லி, கூட்டாளியை ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தார். கூட்டாளி வேலையை விட்டுப் போனதும் வசமாக மாட்டிக்கொண்டார்.

பைலட் வேறு யாருமில்லை, மருமகனின் அம்மா. "என்ன சம்பந்தி, உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பிறகு ஏறாமல் என்ன செய்வது? கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சம்பந்தியம்மாள் சக்கரங்களை இறக்கினார். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்கு எரிந்தால்தான் மூன்றும் இறங்கிப் பூட்டிக்கொண்டதாக அர்த்தம்.

"சம்பந்தி, கண்ணைத் தொறங்க. ரெண்டுதான் எரியுது."

எரியாதது இடது சக்கரத்தின் விளக்கு. அவர் பழுது பார்த்ததும் அதே சக்கரம். பூட்டாத சக்கரம் தரையில் பட்டதும் மடங்கிவிடும். செய்த வேலையை மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பைப், ஸ்பிரிங், ஆயில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோமே, எதை விட்டோம்? பல்பு! அந்தப் பாழாய்ப்போன பல்பைத் தொடவே இல்லை.

பயம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த பல்பைப் பிடுங்கி, இருட்டாயிருந்த இடத்தில் செருகினார். பளிச்சென்று எரிந்தது; பழுது பல்பில்தான்.

"விளக்கு சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க, பூட்டியிருக்கா?"

தாங்கப் போவது விளக்கு இல்லை, அவருடைய கைவேலை.

"பூட்டியிருக்கு. நான் மாட்டினது. தைரியமா இறக்குங்க."

இடது சக்கரம்தான் முதலில் தரையைத் தொட்டது. தொட்டது, அதிர்ந்தது, மடங்காமல் ஓடி நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"எறங்குங்க சம்பந்தி, முதுகு வலிக்கப் போகுது" என்று சீண்டினார் அந்த அம்மாள்.

அவர் பெல்ட்டைக் கழற்றவில்லை. "ஒரு புது பல்பு கொண்டு வரச் சொல்லுங்க. மாட்டிட்டு இன்னொரு சுத்து போயிட்டு வரலாம். முதல்ல கண்ணை மூடியிருந்தேன், அப்புறம் பல்பையே பாத்துட்டிருந்தேன். வெளிய எப்படி இருக்கும்னு பாக்கவே இல்ல."