ராஜாத்தியின் பைனாகுலரும் வலது கண்ணும்

ராஜாத்தியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நேராகச் சொல்லலாம்.

கஜா புயலுக்கு மறுநாள் வேதாரண்யத்தில் எங்கள் தெருவுக்கு லாரியில் தார்ப்பாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் அம்மா கையில் வாங்கியதை ராஜாத்தி பின்னாலிருந்து பிடுங்கினாள். "நீங்க மூணு பேரு இருக்கீங்க. போயி இன்னொண்ணு வாங்கிக்கங்க" என்றாள். அதற்குப் பிறகு லாரியில் தார்ப்பாய் இல்லை. பத்து நாள் நாங்கள் நனைந்த சுவர்களுக்குள் கிடந்தோம். அந்த நீலத் தார்ப்பாய் அவள் வீட்டுக் கூரைமேல் இரண்டு வருஷம் கிடந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

இருவருக்கும் ஒரே உப்பளத்தில் வேலை. அவளுக்கு ஐம்பதை ஒட்டி வயது. இருபத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறாள். உள்ளங்கை காய்த்து, வெடித்து, மறுபடி காய்த்திருக்கும். புருஷன் சிவசாமி நெஞ்சு வலிக்கிறது என்று நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குத் தானே பஸ் ஏறிப் போனவர், திரும்பியது ஆம்புலன்சில் பிணமாக. பிள்ளை இல்லை. சிவசாமியின் தம்பி பரணிதரனும் அவளும் ஒரே வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். சுவரின் இரண்டு பக்கமிருந்தும் ஏச்சு கேட்கும். என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அதிகம் பேசாதவள் என்பதால் 'ஊமச்சி' என்பாள்.

பறவை விஷயத்தில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. தை மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து பறவை எண்ணும் சங்கத்துக்காரர்கள் வருவார்கள். வழுக்கும் கரைகளில் அவர்களை அழைத்துப் போவது அவள்தான். அவர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள், அந்த உள்ளான் கொத்திக் கொத்தி நடக்கும், இந்த உள்ளான் ஓடி ஓடி நிற்கும் என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். யாராவது பாராட்டினால், "கண்ணு இருந்தா தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன மார்கழியில் சங்கத்தின் மங்களாம்பிகை மேடம் வந்தார். வருஷம் முழுக்கப் பறவைகளைப் பார்த்துக் குறித்துச் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், மாதச் சம்பளம் என்றார். பரணிதரன் பெயர் கொடுத்தான். கத்தாரில் ஆறு வருஷம் இருந்து வந்தவன், அங்கிருந்து பெரிய பைனாகுலர் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். அவன் பெயர் கொடுத்தது தெரிந்ததும் ராஜாத்தியும் கொடுத்தாள். தை முதல் ஞாயிறு கணக்கெடுப்பில் இரண்டு பேரையும் எண்ண வைத்து முடிவு செய்வதாக மேடம் சொன்னார். ராஜாத்தியிடம் பைனாகுலர் இல்லை. மேடம் நாகப்பட்டினத்துக் கடை ஒன்றுக்குச் சங்கத்தின் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

"மூணு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். உங்க கைக்கும் கண்ணுக்கும் எது ஒத்து வருதோ அதை எடுத்துக்கங்க."

மறுநாள் ராஜாத்தி என் வீட்டு வாசலில் நின்றாள். "எழுத்துத் தெரிஞ்சவ ஒருத்தி வேணும். நீ அஞ்சாவது வரைக்கும் போனவதானடி? மேஸ்திரிகிட்ட ஒனக்கும் லீவு சொல்லிட்டேன். படிச்சு மட்டும் சொல்லு, வேற வாயத் தொறக்காத." மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனேன்.

கடைக்காரர் ஜாஃபர் சாதிக் மூக்குக் கண்ணாடியும், படகுக்காரர்களுக்குப் பைனாகுலரும் விற்பவர். மூன்றையும் மேசையில் வைத்தார். பெரியதைத்தான் அவள் முதலில் எடுத்தாள். அதன்மேல் இருந்ததைப் படித்தேன். இருபது, ஐம்பது.

"இருபது மடங்கு கிட்டத்துல காட்டும். ஐம்பதுங்குறது முன் கண்ணாடியோட அகலம்" என்றார் அவர்.

"என் கொழுந்தன் வச்சிருக்குறது இதுதான். இதவிடப் பெருசு இருக்கா?"

"பெருசு கெடக்கட்டும்க்கா. கடைக்குள்ள பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும். வாசல்ல போயி அந்தக் கம்பியில உக்காந்துருக்குற காக்காவப் பாருங்க."

பார்த்தாள். "காக்கா குதிக்குது."

"காக்கா சும்மாதான் உக்காந்துருக்கு. குதிக்கிறது உங்க கை. இருபது மடங்கு கிட்டத்துல காட்டுனா, நடுக்கத்தையும் இருபது மடங்காத்தான் காட்டும். இதுக்கு மூணு கால் ஸ்டாண்டு வேணும்."

"என் கையக் குத்தஞ் சொல்றியா?"

"எல்லாக் கையும் ஆடும்க்கா. கப்பல் கேப்டன் கையும் ஆடும்."

அடுத்தது மடக்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளும் அளவு. முன் கண்ணாடி சின்னது, விடியற்காலையிலும் மேக மப்பிலும் இருட்டடிக்கும் என்று அவரே ஒதுக்கினார். மூன்றாவதைப் படித்தேன். எட்டு, நாற்பத்திரண்டு.

"எட்டா? அவன் இருபத மாட்டிக்கிட்டு நிப்பான். நான் எட்டோட போயி நிக்கணுமா?"

"காக்காவைப் பாருங்க. கறுப்பு முடியுற ஓரத்துல ஊதாக் கோடு தெரியுதா? மட்டக் கண்ணாடின்னா தெரியும்."

"மொதல்ல பாத்ததுல தெரிஞ்சிச்சு. இதுல இல்ல." மறுபடி கண்ணில் வைத்தாள். வெகுநேரம் அதைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை. தோள் தளர்ந்தது, கை அசையவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு சட்டென்று கீழே இறக்கினாள். "ஒரு பக்கம் மங்கலா இருக்கே. ஒடஞ்சதக் குடுத்து ஏமாத்துறியா?"

அவர் கோபப்படவில்லை. முதலில் வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தைத் திருப்பச் சொன்னார். பிறகு இடது கண்ணை மூடி, வலது குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பச் சொன்னார். வளையத்தில் நடுவே பூஜ்யத்துக்கு ஒரு சுழி, இரண்டு பக்கமும் கோடுகள். இரண்டு கண்ணும் ஒத்திருந்தால் வளையம் சுழியில் நிற்கும் என்றார். அவள் திருப்பினாள். சுழியைத் தாண்டி, கோடுகளையெல்லாம் தாண்டி, வளையம் முட்டி நிற்கும் வரை திருப்பினாள். "இப்பத் தெரியுது" என்றாள்.

ஜாஃபர் சாதிக் வளையத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "வலது கண்ணு எத்தன நாளா இப்படிக்கா? புரை மாதிரி இருக்கு. காட்டிருங்க."

"கண்ணாடி விக்கிறவன் கண்ணாடிய வில்லு."

அந்த எட்டையே எடுத்துக்கொண்டாள். உப்புப் பட்டால் முந்தானையால் துடைக்க வேண்டாம், முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று அவர் சொன்னதற்கு, "உப்பப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேலைய விட்டு நிறுத்திருவான். மேடத்துக்குத் தெரிஞ்சா இந்த வேலையும் இல்ல. வெயில்ல உப்புக் குமியும் தரையும் ஒண்ணாத் தெரியுதுடி எனக்கு. இந்த வேலை கெடச்சா உப்ப விட்டுப் போயிருவேன், இருக்குற கண்ணாவது மிஞ்சும். ஒன் வாயிலேருந்து ஒரு சொல்லு வெளிய வந்துச்சு, தொலைச்சுருவேன்."

தலையாட்டினேன். தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. ஒரு சொல் போதும் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அந்த மாதம் முழுக்க, மத்தியானம் எல்லோரும் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது அவள் கரையில் தனியாக நின்று பழகினாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் வளையத்தைத் தேடி, முட்டும் வரை திருப்பிப் பழகினாள்.

தை ஞாயிறன்று எண்ணத் தொடங்கும்போதே பத்து மணி ஆகிவிட்டது. வெயில் ஏறி, பாத்திகளின் மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது. சுமை தூக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பரணிதரன் துண்டைக் கரையில் விரித்து உட்கார்ந்திருந்தவன், எங்களைப் பார்த்ததும் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"என்னண்ணி, திருவிழாக் கடையில வாங்குனதா?"

"ஒங்கழுத்துல தொங்குறது என்னா, எளநியா?"

சங்கத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சிவந்தது. பெரிய நீர்த்தேக்கத்தின் தெற்குக் கரையில் வெள்ளையாக வரிசை கட்டியிருந்தவற்றை எண்ணச் சொன்னார் மேடம்.

"ஆலாக் குருவி. நூத்தி அறுவதுக்குக் குறையாது" என்றான் பரணிதரன்.

ராஜாத்தி அவசரப்படவில்லை. "ஆலா பதினாலு. மத்ததெல்லாம் நுரை."

"நான் உப்பளத்துல பொறந்தவன். எனக்கு நுரை தெரியாதா?"

"வெறுங்கண்ணாப் பாத்தா தெரியும். இந்த வெயில்ல ஒன் இருபதுல பாத்தா நுரைக்கும் ரெக்க மொளைக்கும்."

வாடைக்காற்று ஒருமுறை பலமாக அடித்தது. வரிசையில் பாதி உருண்டு கரையேறிப் பிய்ந்து பறந்தது. உப்பு நுரை. பதினான்கு ஆலாக்கள் மட்டும் எழுந்து சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்தன.

பரணிதரன் அவள் கழுத்திலிருந்து பைனாகுலரை உருவினான். கண்ணில் வைத்தான். "இந்தா, ஒரு பக்கம் ஒண்ணுமே தெரியல. அழுக்குப் பிடிச்ச கண்ணாடிய வச்சிக்கிட்டு வாயால எண்ணுறாங்க இவங்க." தோளிலிருந்த துண்டால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தான். கரையில் கிடந்த துண்டு அது. அதிலிருந்த உப்புப் பரல் கண்ணாடியில் கரகரவென்று தேய்வது எனக்கே கேட்டது.

ராஜாத்தி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

மேடம் ஓடிவந்து பைனாகுலரை வாங்கினார். அவரும் பார்த்தார். மங்கலாக இருந்திருக்கும். வலது வளையத்தை மெல்லத் திருப்பினார், முட்டி நின்ற இடத்திலிருந்து கோடு கோடாகச் சுழி வரைக்கும். கையை எடுக்காமலே கேட்டார்.

"ராஜாத்தி, உங்க வலது கண்ணுல என்ன?"

ராஜாத்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீதானடி சொன்ன?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லாமல், தூக்கிவந்த சுமையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"யாரும் சொல்லலைங்க. இந்த வளையத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார் மேடம்.

"பொய்யி. இவ வாயத் தொறக்காம எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பா. இவளத்தான் நம்பக்கூடாது."

மேடம் பைனாகுலரை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "எண்ணிக்கை சரி. வேலை உங்களுக்குத்தான். ஆனா பங்குனி முடியுறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிக்கணும். இல்லேன்னா பரணிதரனுக்குக் குடுத்துருவோம்."

"எங்கண்ணனத் தூக்கிட்டு வந்த நாள்லேருந்து இவங்க ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கலைங்க" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான் பரணிதரன். "பங்குனி முடிஞ்சதும் நான் வர்றேன் மேடம்."

மாசி முழுக்க அவள் போகவில்லை. தெருவில் எதிரே வந்தால் எனக்குக் கேட்கும்படி காறித் துப்புவாள். பரணிதரன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் நாள் எண்ணிச் சொன்னான். பங்குனி நான்காம் தேதி காலை அவள் தனியாக நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். துணைக்கு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பினாள். சொட்டு மருந்தைத் தானே அண்ணாந்து விட்டுக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சித்திரையில் ஒருநாள் நான் உப்பு வாரிக்கொண்டிருந்த பாத்தியின் கரைக்கு வந்தாள். காலில் செருப்பு இருந்தது. உப்பளத்தில் அவளைச் செருப்போடு அன்றுதான் பார்த்தேன். பைனாகுலரைக் கழற்றி என் கையில் வைத்தாள். வலது கண்ணாடியில் பரணிதரன் துடைத்த கீறல்கள் அப்படியே இருந்தன.

"வளையம் எங்க நிக்கிது, படி."

பார்த்தேன். "சுழியில" என்றேன்.

வெடுக்கென்று வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"இதையும் போயி ஊர்ல சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கரையோடு நடந்தாள். அன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பலகையை எடுத்து மறுபடி வாரத் தொடங்கினேன். அவள் தெற்குக் கரையில் போய் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். கை ஆடவில்லை.