கொலுசு வெளுக்கும் திராவகம்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு, பால்பல் விழுந்து முளைக்கிற பல்லெல்லாம் காவி படிந்தே வரும். தண்ணீர் வாகு அப்படி. ஊருக்குள் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. வெளியூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தபோதுதான் அது ஒரு குறையென்று கந்தம்மாளுக்குத் தெரிந்தது. வந்த பெண்டுகள் பேச்சுக் கொடுத்து அவளை வாய் திறக்க வைத்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் தகவல் சொல்லவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே.

அம்மா ராமாயி அவளைச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையை ஒட்டிய தாழ்வாரத்தில் மாதையன் என்பவர் பல் வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வைத்தியம் படித்தவரல்ல. நெருப்பில் பற்றவைத்துக் கருத்துப்போன கொலுசைத் திராவகத்தில் முக்கி வெளுப்பாக்குவது பட்டறையில் அவர் வேலை. அதே திராவகத்தில் தண்ணீரைக் கலந்து, குச்சியில் பஞ்சு சுற்றிப் பல்லில் தேய்ப்பார். அந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கரிக்கட்டை போலிருந்த வெள்ளி கண்ணெதிரே வெளுப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள், பல் மட்டும் வெளுக்காதா என்றுதான் நினைத்தார்கள். மாதையனும் அதை மனதார நம்பினார். தன் மனைவியின் பல்லையும் அவரே வெளுத்திருந்தார்.

ஈறு வெந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் கண்ணாடியைக் காட்டியபோது வாய் நிறையச் சோளப்பொரி போலப் பல் தெரிந்தது. ராசிபுரம் பக்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த செங்கோட்டையனுக்கு அந்தத் தையிலேயே நிச்சயமாகி, எழுபத்தேழில் கல்யாணம் நடந்தது. மாமியார் போகிற இடமெல்லாம் மருமகளின் பல்வரிசையைப் பற்றியே பேசினாள்.

ஒரு வருடம் தாங்கியது. பிறகு பச்சைத்தண்ணீர் பட்டாலே உச்சிவரை கூசியது. முன்பற்களின் விளிம்பு சுண்ணாம்புக் காரை போல உதிர, உதிர்ந்த இடத்தில் முன்னைவிடக் கருங்காவி ஏறியது. சளி என்று சொல்லி வெந்நீர் குடித்தாள். புளிக்குழம்பை ஒதுக்கினாள். மாமியாரோ பழியைத் தன் வீட்டுக் கிணற்றின் மேல் போட்டுக்கொண்டாள். முத்தாட்டம் இருந்த பல்லை எங்கள் தண்ணீர் பாழாக்கிவிட்டது என்று கேட்பவரிடமெல்லாம் மனம் நொந்தாள். கந்தம்மாள் மறுத்துப் பேசவில்லை. உண்மை தெரிந்தால், மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்றாகிவிடும். அந்தப் பயத்தோடே வருடங்கள் ஓடின.

எண்பத்து மூன்றில் தங்கை சௌந்திரத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ராமாயி சொல்லி அனுப்பினாள். செங்கோட்டையன் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சமையற்கட்டில் ராமாயி, மறுநாள் சின்னவளை மாதையனிடம் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றாள் கந்தம்மாள். தன் வாயைத் திறந்து காட்டினாள். அது உன் புகுந்த வீட்டுத் தண்ணீரால் வந்தது, உன் மாமியாரே சொல்கிறாளே என்றாள் ராமாயி.

"உனக்கு அதுனாலதான சாமி ஊடு அமஞ்சுது? உந்தங்கச்சிக்கு அமையக் கூடாதா?"

இதை அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று கந்தம்மாளுக்குப் புரிந்தது. வாசலுக்கு வந்து கட்டிலுக்கு எதிரே நின்றாள். ராமாயி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏனுங்க, எம்பல்லு உங்கூட்டுத் தண்ணியில கெடலீங்க. உங்களுக்குக் காட்டறதுக்கு முன்னாடி, கொலுசு வெளுக்கற திராவகத்தப் போட்டு வெளுத்ததுங்க. அதுதான் தின்னுபோட்டுது."

செங்கோட்டையன் தன் மாமியார் ராமாயியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"எங்கம்மா இத்தன வருசமா கெணத்தத் திட்டீட்டுக் கெடக்குது," என்றான். பிறகு, "வலிக்குதா?" என்று கேட்டான்.

"தெனமுங்க."

சாப்பிடாமலே எழுந்தான். வாரேன் என்று சொல்லாமலே போனான்.

மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்ட பிறகு ராமாயியால் சேலத்துக்குப் போக முடியவில்லை. சௌந்திரம் தன் காவிப் பல்லோடே பேசினாள். வந்தவர்கள் தகவல் சொல்லவில்லை.

ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போன செங்கோட்டையன் ஆடி முடிந்து வந்தான். ராமாயி வீட்டிலேயே தங்கிவிட்ட மனைவியைக் கூப்பிட வந்தவன் வீட்டுக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கிளம்பு என்றான். முன்பற்கள் நான்கும் தேறாது என்று டாக்டர் எடுத்துவிட்டார். கிணற்றைத் திட்ட வேண்டாமென்று தன் அம்மாவிடம் அவனே சொல்லிக்கொண்டான். வேறென்ன சொன்னான் என்று கந்தம்மாள் கேட்கவில்லை.

சௌந்திரத்துக்கு இடம் அமைய மேலும் மூன்று தை போயிற்று. அதுவரை ராமாயி மூத்தவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணப் பந்தியில் கந்தம்மாள் ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்து இலையில் புதுப்பெண் முறுக்கை நறுக்கென்று கடித்தாள். பரிமாறிக்கொண்டு வந்த ராமாயி அந்தச் சத்தத்துக்கு நின்றாள். இரண்டு மகள்களின் வாயையும் பார்த்தாள். மூத்தவள் இலையில் சூடாக இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.