கோணேஸ்வரி கட்டிய பேராலயம்

கோணேஸ்வரிக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் செயற்கைப் பல் செய்யும் லாப்பில் வேலை. மட்டக்களப்பிலிருந்து வந்த நாள் முதல் வேலையும் கோயிலும் கலியாண வீடுகளும்தான் அவருடைய உலகம் என்று கணவர் அன்புராசா பகிடி பண்ணுவார். அப்படிப்பட்டவர், பாரிசிலிருக்கும் தங்கையைப் பார்க்கப் போன இடத்தில், சார்த் நகரத்துப் பழைய பேராலயத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்.

வெளியே மழை இருட்டு. உள்ளே நெடுநெடுவென்று எழுந்த ஜன்னல்களில் நீலமும் சிவப்பும் கனன்றுகொண்டிருந்தன. கண்ணாடியில் தீட்டியிருந்த கதைகளைத் தங்கை காட்டினாள். கோணேஸ்வரிக்கோ வேறு யோசனை.

"சுவர் முழுக்கக் கண்ணாடி. அப்ப உந்தக் கல்லுக் கூரையை எது தாங்குது?"

குடையைப் பிடித்தபடி வெளியே சுற்றி வந்தபோது விடை கிடைத்தது. கூரையின் பாரம் சுவரை வெளிப்பக்கம் தள்ள, வெளியே நின்ற முட்டுத் தூண்களிலிருந்து பாலம்போல் வளைந்த கல் முட்டுகள் அதைத் தாங்கி நின்றன.

ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் அதையே சின்னதாய்க் கட்டிப் பார்க்கப் பேஸ்மென்டில் மேசை போட்டார். பல் அச்சு வார்க்கும் மாவைக் குழைத்துச் சின்னக் கற்கள் வார்த்தார். நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டியில் கோத்து ஜன்னல்கள் செய்தார். பசை மட்டும் தொடவில்லை. கல்லோடு கல் முட்டியே நிற்க வேண்டும் என்று பிடிவாதம். கட்டி முடியும்வரை கற்களைத் தாங்கும் மரத்தாங்கியின் மேல் வளைவுகளை அடுக்கி, உச்சிக்கல்லைச் செருகித் தாங்கியை உருவினார். முட்டுத் தூண்கள் வெளியே சரிந்தன. கூரை பொலபொலவென்று கொட்டியது.

சாப்பிடக்கூட மனமில்லாமல் பேராலயத்தின் படங்களைப் புரட்டியவரின் கண், முட்டுத் தூண்களின் உச்சியிலிருந்த கூர்முனைகளில் பட்டது. அழகுக்கு வைத்தது என்று அவர் செய்யாமல் விட்டுவிட்டவை.

"இஞ்சேருங்கோ! உது அலங்காரமில்லை, பாரம்! தூணை நிலத்தோட அமத்திப் பிடிக்கத்தான் வைச்சிருக்கினம்!" என்று மேல்மாடியிலிருந்த கணவருக்குக் கேட்கக் கத்தினார்.

ஸ்காபரோ நூலகம் ஒன்றில் கைவினைக் கண்காட்சி வந்தது. கற்களைப் பெட்டிகளில் கொண்டுபோய் அங்கேயே அடுக்கி, இந்த முறை தூண்களின் உச்சியில் கூர்முனைகளையும் ஏற்றினார். திறப்பு நாளில் கூட்டத்துக்கு முன்னால் தாங்கியில் கை வைத்ததும் மகள் யதுஷா பதறினாள்.

"அம்மா, பிளீஸ், அது அப்பிடியே இருக்கட்டும். எல்லாரும் வீடியோ எடுக்கினம்."

"எடுக்கட்டும். தாங்கியோட நிண்டா அது பொம்மை. தானா நிண்டாத்தான் பிள்ளை, கட்டடம்."

தாங்கியின் அடியில் செருகியிருந்த ஆப்புகளைத் தட்டி இறக்கி அதை மெல்ல உருவினார். எங்கோ ஒரு கல் 'டிக்' என்றது. கொஞ்சம் மாத்தூள் உதிர்ந்தது. அன்புராசா கண்ணை மூடிக்கொண்டார். வளைவுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றன.

யதுஷா உள்ளே விளக்கைப் போட்டாள். முன்வரிசையில் நின்றவர்களின் சட்டைகளில் நிறங்கள் சிந்தின. கைதட்டல் அடங்கவே நேரமெடுத்தது.

"தொடலாமோ அன்ரி?" என்று ஒருவர் தயங்கினார்.

"தொடுறதென்ன, மேல கையை வைச்சு அமத்திப் பாருங்கோ!" என்று கோணேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார்.