சிறைக்குள் டாக்டரம்மா போட்ட நாற்காலிகள்

கம்பத்தில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. கடமலைக்குண்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாண்டி. "சார், நம்ம டாக்டரம்மா தவறிட்டாக. காலையில காப்பி குடிச்சிட்டுக் கண்ணசந்தவுக, அப்படியே போயிட்டாக" என்றான். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வெளியே வந்து நின்றேன். சலூன்காரர் பின்னாலேயே வந்து, "சொந்தக்காரவுகளா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டர் கோமதியை உங்களில் பலர் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவராக அறிந்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற பின் பண்ணைப்புரத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்கள் சிறையில் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைத் திட்டத்தை நடத்த வந்தார். நான் அப்போது அங்கே தலைமைக் காவலர். பாண்டி கைதி.

முதல் நாளே அவரிடம், "இவங்க வெளிய போன மறுநாளே பழையபடி தேடிப் போயிருவாங்கம்மா" என்றேன். "மறுநாள்தானே சார்? இன்னைக்கு நம்ம கையில இருக்கே" என்றார். அப்புறம் நாற்காலி கேட்டார். கைதிகள் தரையில் உட்காருவதுதான் வழக்கம் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் மலையாளத்துக்குத் தாவிவிடுவார். குமுளியில் சில வருடங்கள் வேலை பார்த்த பழக்கம். திட்டி முடித்துவிட்டு, நிதானமாகத் தமிழில் சொன்னார்: "தரையில உக்காந்தவன் அண்ணாந்து பாத்துத்தான் பேசுவான். அண்ணாந்து பாத்துப் பேசுறவன் உண்மை சொல்ல மாட்டான்." நாற்காலிகள் வந்தன. வட்டமாகப் போட்டார். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

பாண்டி வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதற்காகவே திருடி உள்ளே வந்தவன். சிகிச்சை தொடங்கிய நாட்களில் அவன் உடம்பு உதறியதைப் பார்த்து நாங்கள் நடிப்பு என்றோம். டாக்டரம்மா அவன் மணிக்கட்டை என் கையில் பிடித்துக் கொடுத்து, "இந்த நாடித் துடிப்பையும் நடிக்க முடியுமா சார்?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவன் வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போய் வந்தான். இரண்டாம் நாள் வட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, இடுப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினான். "கோர்ட்டுல ஒருத்தன் கொடுத்தான்மா. ரெண்டு நாளா வச்சுக்கிட்டே இருக்கேன். பிரிக்கல. இதுக்கு மேல என்னால முடியாது."

அட்டை நேராகக் கண்காணிப்பாளர் மேசைக்குப் போனது. டாக்டரம்மாவேதான் கொண்டுபோய் வைத்தார். எந்தக் கைதி கொடுத்தது என்று கேட்டபோது மட்டும் பெயரைச் சொல்லவில்லை. "பேரைக் கேட்டீகன்னா, அடுத்தவன் கொண்டு வந்து கொடுக்க மாட்டான் சார். முழுங்கிட்டு வந்து பொய் சொல்லுவான்." திட்டம் அன்றைக்கே நிறுத்தப்பட்டது. நேரில் பார்த்தவன் என்பதால் என்னிடம் அறிக்கை கேட்டார்கள். பெயரை எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். டாக்டரம்மா கெஞ்சவில்லை. "உண்மை எதுவோ அதை எழுதுங்க. உங்க பங்கையும் சேத்து எழுதுங்க" என்றார்.

கோர்ட்டிலிருந்து வந்தவனைச் சோதனை போட்டது நான். அன்று நான் நிதானத்தில் இல்லை. டாக்டரம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

சோதனையைச் சரியாகச் செய்யாதது என் தவறு, பொருளைக் கைதி தானாக ஒப்படைத்தார், அவர் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. கண்காணிப்பாளர் அறிக்கையை இரண்டு முறை படித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு வாரத்தில் திட்டத்தை மறுபடி நடத்தச் சொன்னார்.

மறுபடி தொடங்கிய முதல் நாள் வட்டத்தில் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிடவில்லை. பேச்சு ஒரு சுற்று வந்து, அந்த நாற்காலியின் முறை வந்ததும் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். "என் பேரு மாரிமுத்து. நானும் தினமும் குடிக்கிறவன்தான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாண்டி என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான். டாக்டரம்மா, "சொல்லுங்க சார், நேத்து எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் தேறிவிடவில்லை. திரும்பி வந்தவர்கள் உண்டு. "வந்துட்டியா? உசுரோட வந்தியே, போதும்" என்பார் அவர்.

பண்ணைப்புரத்தில் அடக்கத்தன்று பாண்டியும் இன்னும் பலரும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஜெயிலுக்குப் போனதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டாக்டரம்மாவின் மகள், "நீங்க எங்கன இருந்து வாறீக?" என்று கேட்டதும் பாண்டி, கூட்டம் கேட்கவே, "ஜெயில்ல அம்மாகிட்ட வைத்தியம் பாத்தவன்" என்றான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். துக்க வீட்டில் நின்றுகொண்டு நான் நிறைவாக இருந்தேன்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது என் சாயங்காலங்கள். இப்போது லோயர் கேம்பில் குடியிருக்கிறேன். ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வீடு திரும்புகிறேன். முன்பெல்லாம் என் மனைவி வாசலுக்கு வந்து, முதலில் என் நடையைப் பார்ப்பாள், பிறகு கண்ணைப் பார்ப்பாள். இப்போது அடுப்படியிலிருந்தே, "வந்தாச்சா?" என்கிறாள்.