ஒன்பதாம் எண் வீட்டுக் கம்பளம்

முலூக்காவின் வீடும் எங்கள் வீடும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. ஹரார் நகரத்து மதிலுக்குள் எல்லாரும் இப்படித்தான். தெருவைப் பார்த்து ஒரு வெளிக்கதவு, உள்ளே ஒரு முற்றம், அதைச் சுற்றி மூன்று நான்கு குடும்பங்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் துஆ சொல்வார்கள்.

அவள் சுவருக்கு வண்ணம் அடிப்பவள். நோன்பு மாதம் நெருங்கினால் அவளைப் பிடிக்க முடியாது. ஊரில் பாதிப் பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள். சுண்ணாம்பில் பச்சையைக் கலந்து, கடைசியில் துளி நீலம் விடுவாள். வெயில் ஏற ஏற அந்தச் சுவர் குளிர்ச்சியாகத் தெரியும். மற்றவர்கள் அடிக்கும் பச்சை கண்ணைக் குத்தும். அவள் தம்பி ரெம்ஸிக்குக் கல்யாணமாகி, நெஜாத் என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கையைப் பார்ப்பார்கள். சுண்ணாம்பு தின்ற கை.

எங்கள் வீடுகளில் மணமாகாத பெண் இருந்தால், நடுக்கூடத்துக் கதவுக்கு மேலே, உள்பக்கம், மரச்சட்டத்தில் ஒரு கம்பளத்தைச் சுருட்டி வைப்போம். ஒரு பெண்ணுக்கு ஒரு கம்பளம். வாக்குக் கொடுத்த அன்றே அதை இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் மேலே இருந்தால், இதைவிட நல்ல இடம் வந்தால் பார்க்கலாம் என்று அந்த வீட்டார் நினைப்பதாக அர்த்தம். முலூக்காவின் கம்பளம் மேலே கிடந்து கிடந்து நிறம் மங்கிப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊர்க்காரர்கள், வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக, சுற்றிப் பார்க்கிற வழி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். வழிகாட்டி வேண்டாம். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் போட்ட அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து அவரவரே நடக்கலாம். ஷோவா வாசலில் ஒன்றாம் எண். தையற்காரர் தெரு, பழைய பள்ளிவாசல் என்று சுற்றிக்கொண்டு வந்தால் எங்கள் வெளிக்கதவில் ஒன்பது. பிழைப்புப் போன வழிகாட்டிகள் முனையில் உட்கார்ந்து வம்பளப்பார்கள்.

“முலூக்கா, உனக்கும் நம்பர் போட்டுட்டாங்களாமே! இனி விலை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.”

“உன்னை விலைக்குக் கேக்கக்கூட ஆள் இல்லியேடா, முதல்ல அதைப் பாரு” என்பாள் இவள், வாளியைக் கீழே வைக்காமலே.

வருகிறவர்கள் கூடத்தில் நின்று சிவப்பு மேடைகளையும் மாடங்களையும் சுவரில் தொங்கும் கூடைகளையும் பார்ப்பார்கள். பிறகு தாளைப் பார்ப்பார்கள். எல்லோரும் ஒன்றாகத் திரும்பிக் கதவுக்கு மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். தாளில் அந்தக் கம்பளத்தின் படமும் அதன் அர்த்தமும் இருந்தன. அடுத்து அவர்கள் கண்கள் பெண்ணைத் தேடும். முலூக்கா தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டிச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு அவள் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எதிர்வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியும்.

அந்த வழியில் சரிந்து கிடந்த மதில்களைக் கட்ட வந்தவர் அப்தோஷ். மனைவி இறந்துபோன கொத்தனார். அதிகம் பேசமாட்டார். பேசினால் வம்பாகத்தான் இருக்கும்.

“இது சுவத்துக்கா, குடிக்கவா? இவ்ளோ தண்ணியா இருக்கே சுண்ணாம்பு.”

“போன மழைக்கு நீங்க கட்டின மதில் படுத்துக்கிச்சே, அதைவிட நல்லாவே நிக்கும்.”

“அதைக் கட்டினது நான் இல்ல.”

“விழுந்த மதிலை எவன்தான் தன்னுதுன்னு சொல்லியிருக்கான்?”

மறுநாள் சலித்த சுண்ணாம்பு ஒரு மூட்டை எங்கள் வெளிக்கதவோரம் இருந்தது. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் அவருடைய அம்மா தெய்மா, பெரியவர்களை அழைத்துக்கொண்டு பெண் கேட்க வந்துவிட்டார். காப்பி குடித்து, துஆ ஓதி, வாக்குக் கொடுத்தார்கள். அவர்கள் போன கையோடு ரெம்ஸி கம்பளத்தை இறக்கினான். முலூக்கா அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து உதறினாள். அத்தனை வருடத் தூசியும் பறந்து என் துணிகளின்மேல் விழுந்தது.

“அக்கா, இதை என் மாமியாருகிட்ட சொல்லிடாதீங்க. பொண்ணு இவ்ளோ பழசான்னு கேட்டுடப் போறாங்க” என்றாள். அன்றைக்குப் போல அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு பிற்பகல் நல்ல மழை. ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி நனைந்துகொண்டே உள்ளே வந்தார்கள். தாள் ஈரத்தில் கிழிந்திருந்தது. முலூக்கா துண்டு கொடுத்தாள், பால் விட்ட காப்பித்தோல் கஷாயம் கொடுத்தாள். அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். வெறும் சட்டம். தாளிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். குழந்தையின் ஏமாற்றம் போல இருந்தது அது.

“பாவம், எவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க! வெறும் கட்டையையா பாத்துட்டுப் போவாங்க? சும்மா வெச்சுக் காட்டிட்டு எடுத்துடறேன்.”

“வேண்டாம்டி. அதுல மட்டும் விளையாடாதே” என்றேன்.

“யாருக்கா இந்த மழையில வரப்போறா?”

முக்காலியைப் போட்டு ஏறினாள். கம்பளத்தைச் சட்டத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளும் மேலே இருக்க, பெருமையோடு திரும்பினாள். அவளுக்குக் கீழே, அதே வாசலில் தெய்மா அம்மா நின்றுகொண்டிருந்தார். பின்னால், கல்யாணம் சாவு என்றால் கூடி நிற்கிற அவருடைய சங்கத்துப் பெண்கள் இருவர், மணப்பெண்ணுக்கான துணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு. நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் மழைக்கு நிற்கக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம்.

தெய்மா அம்மா குரலை உயர்த்தவில்லை.

“வாக்குக் கொடுத்த வீடுன்னு நெனச்சு வந்துட்டேன். கடை இன்னும் திறந்துதான் இருக்குன்னு தெரியாமப் போச்சு.”

“அய்யோ, இல்லம்மா! இவங்களுக்குக் காட்டத்தான்...”

“காட்டும்மா, நல்லா காட்டு. எங்க வீட்டுக்கு வந்தப்புறமும் இப்படியே ஏறி நின்னு காட்டு.”

ஒன்றும் புரியாத அந்த வெளிநாட்டு அம்மாள் எல்லாரையும் பார்த்து சலாம் சொல்லி, ஒரு படம் எடுத்தார். கூடை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ரெம்ஸி போய்ப் பேசுகிறேன் என்றான். “நான் என்ன திருடினேனா? நீ எதுக்குப் போகணும்?” என்று அக்கா தடுத்துவிட்டாள். அன்று மாலையே கம்பளத்தை இறக்கிவிட்டாள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சங்கத்துப் பெண்களின் வாய்க்கு மதில் ஏது?

இரண்டொரு நாள் கழித்து அப்தோஷ் வந்தார். தெருவிலேயே, வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான்தான் பார்த்து, “உள்ள வாங்க தம்பி” என்றேன்.

“அவங்க கூப்பிடட்டும்” என்றார்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முகம் மலர்ந்துவிட்டது, எழக்கூடச் செய்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“கதவு திறந்துதானே கிடக்கு! மேல நம்பர்கூட போட்டிருக்கு. ஊர் உலகமே வந்துட்டுப் போகுது, கொத்தனாருக்கு மட்டும் தனியா அழைப்பு வேணுமாக்கும்?”

முன்பென்றால் அவர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். நாங்கள் இருவரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தோம். மாவுக் கையோடு அவள் வெளிக்கதவுக்குப் போனபோது தெருவில் ஒரு கழுதை மட்டும் நின்றது.

அம்மா சொல்வது உண்மைதானோ என்ற கேள்வியோடு வந்தவருக்கு, ஊர் உலகமே வந்து போகிற வீடு என்று இவளே சொல்லிவிட்டாள். கேலி அது. எப்போதும் இருவரும் பேசுகிற கேலி. முகத்தைக் காட்டாமல் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. மறு வருடம் பக்கத்து நகரமான டிரே தாவாவில் ஒரு பெண்ணை முடித்து அவர் அங்கேயே போய்விட்டார்.

ஒருநாள் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள். “சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்க்கா. சுவத்துக்கு அந்தப் பக்கம் சிரிப்பு போகல.”

“நீ பின்னாலயே ஓடியிருக்கலாம்.”

“அவரு நாலு அடி உள்ள வந்திருக்கலாம்.” கொஞ்ச நேரம் கலக்கினாள். “ஓடியிருக்கலாம்தான்.”

கம்பளம் மறுபடி மேலே போயிற்று. தாளை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் நெஞ்சில் விரல் வைத்துக் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

நெஜாத் வளர்ந்தாள். கல்யாண வயது வந்ததும் ரெம்ஸியின் மனைவி ஒரு புதுக் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவந்து, அதை அக்காவின் பழையதற்குப் பக்கத்தில் வைப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். முலூக்கா அதை வாங்கி, முக்காலியில் ஏறி, பழையதை இறக்கிவிட்டுப் புதியதை வைத்தாள்.

“அண்ணி, ரெண்டும் இருக்கட்டுமே” என்றாள் தம்பி மனைவி.

“சட்டம் தாங்காது” என்றாள். அந்தச் சட்டம் நாலு கம்பளம் தாங்கும்.

பழையதைக் கூடத்து மேடையில் விரித்தார்கள். எல்லாரும் அதில்தான் உட்காருகிறோம். போன மாதம் நெஜாத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அன்றே கம்பளத்தை இறக்கினார்கள். நேற்று சிலர் தாளோடு வந்து, அண்ணாந்து பார்த்து, கம்பளம் எங்கே என்று ரெம்ஸியைக் கேட்டார்கள். அவன் தயங்கி அக்காவைப் பார்த்தான்.

“ஏன் முழிக்கிற? இந்த வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இல்லைன்னு சொல்லு” என்றாள் முலூக்கா.