சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்

இன்று ஈப்போ பஸ்ஸில், பக்கத்தில் இருந்த லெட்சுமி அக்கா விமான டிக்கெட்டைக் காட்டினார். கல்யாணமான மகளைச் சென்னையில் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்.

“ஒம்பதுக்கு ஏறினா பத்தரைக்குச் சென்னை சார்! பஸ்ல மூணு மணி நேரம் போற கோலாலம்பூரவிடக் கிட்ட லா. நெனச்சா வந்துருவா.”

“அங்க மணி ரெண்டரை மணி நேரம் பின்னால அக்கா. நாம மத்தியானம் சாப்பிடுறப்ப அவங்க காலைப் பசியாறுவாங்க. பறக்கிறது நாலு மணி நேரம்.”

அக்கா தன் திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார். பகல் பதினொன்றரைக்கு ஏறினால் இங்கே மாலை ஆறு.

“அப்ப போறது சுருக்கா, திரும்பி வாரதுதான் தூரம். எங்க பாட்டனும் நூறு வருஷத்துக்கு முந்தி அங்கேருந்து கப்பல்ல வந்தவரு, திரும்பிப் போகவேயில்ல.”

இரண்டு பக்கமும் தூரம் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அக்கா கையிலிருந்த மகளின் டிக்கெட்டைப் பார்த்தேன்: ஒருவழி.

அப்படியானால் திரும்பி வரும் தூரம் எவ்வளவு என்பதுதான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் கேள்வி. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.