இடுப்பில் வைத்த கரண்ட்

ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை அறைக்கு வெளியே அன்று இருந்தது மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். அக்கா வரவில்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம். வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் கழுத்துக்கும் பரவியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதோடு இடுப்பில் மட்டும் ஐந்து நாள் கரண்ட். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

விராலிமலையில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போவோம். அப்பாவை மட்டும் உள்ளே விட்டுத் தடித்த கதவு மூடிக்கொள்ளும். பக்கத்து அறை டிவியில் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஆளில்லாத அறையில் மிஷினின் பெரிய தலை அவரைச் சுற்றி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவரைத் தொடவே இல்லை.

"சூடு தெரிஞ்சுச்சாங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே தெரியல. படுக்கச் சொன்னாய்ங்க, எந்திரிக்கச் சொன்னாய்ங்க. இதுக்கா இம்புட்டுக் காசு?"

ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. போனில் தேடினேன். கதிர் எடுத்தவர்கள் கர்ப்பிணிகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சொன்னது. கதிர் கலந்த மருந்தை விழுங்கியவர்களுக்கான பக்கம் அது என்பது கீழேதான் இருந்தது. அதுவரை நான் வாசிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நான் வாசித்துச் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வளையல் போட்டு அக்காவை அழைத்து வர வேண்டிய மாதம். அவள் வாக்கப்பட்ட அரிமளத்துக்குப் போன் செய்து நிறுத்தினேன்.

"தூரத்துல நின்னு அப்பாவப் பாத்துட்டுப் போயிடுறேன்டா."

"வேணாங்கா. ஒடம்புக்குள்ளயே இருக்கும் அது."

அப்பாவுக்குத் தட்டும் டம்ளரும் தனியானது. அவருடைய கட்டிலுக்கு அடியில் எப்போதும் படுக்கும் நாய், அந்த வாரமே எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டது. நாய்க்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் மாதம் கழுத்துக் கட்டி சுருங்கத் தொடங்கியது. எலுமிச்சை அளவு இருந்தது, மொச்சைக்கொட்டை ஆனது. பிறகு தடவினால் கையில் அகப்படவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. கரண்ட் வைத்தது இடுப்பில். கழுத்துக்கு யார் கொண்டுபோனது? அது அவருக்குள்ளே நடந்துகொண்டிருக்கிறது. அடுத்து எங்கே போகும்? சாப்பிடும்போது அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னடா, பேயக் கண்டாப்புலப் பாக்குற?" என்று சிரித்தார் அப்பா.

தலைப்பிரசவம் அரிமளத்திலேயே நடந்தது. "பெத்த வீடு தலைப்பிரசவத்துக்கே வாசல அடைச்சிருச்சு" என்று அக்காவின் மாமியார் போனிலேயே கேட்டுவிட்டார். பேத்தியின் படத்தை அப்பா போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து, அப்பாவுக்கு ஸ்கேன் பார்த்த அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "அந்தக் கரண்ட் எப்ப மேடம் ஒடம்ப விட்டுப் போகும்?"

"எந்தக் கரண்ட்?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஷின நிறுத்துன நிமிஷமே அது முடிஞ்சுது தம்பி. லைட்ட அணைச்சப்புறம் வெளிச்சம் சட்டையில ஒட்டிக்கிட்டா வருது?"

"அப்ப கழுத்துக் கட்டி?"

"ஊசி மட்டுமே கரைச்சிருக்கலாம். இல்லேன்னா, இடுப்புல செத்த செல்லை அடையாளம் பாத்துக்கிட்டு, அதே மாதிரி வேற எங்க இருக்குன்னு அவர் ஒடம்பே தேடிப் போயிருக்கலாம். அபூர்வமா அப்படி நடக்கும். எதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, விலகியிருக்கச் சொன்னது டாக்டர்தான் என்று அதுவரை நினைத்திருந்தார்.

"அப்ப பேத்தியத் தூக்கலாமாம்மா?"

"எப்பவுமே தூக்கியிருக்கலாமே."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். அவர் தோள் என்மேல் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே ஏதோ ஒன்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, அது அவருடைய உடம்பேதான் என்பது கரண்டைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் அக்கா வந்தாள். எழுபது நாள் குழந்தையை அப்பா மடியில் வாங்கினார். நாய் மட்டும் கட்டிலுக்கடிக்குத் திரும்பி வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

ஊசி, கரண்ட், ஸ்கேன், பஸ் எல்லாம் சேர்த்து அதுவரை நாலு லட்சத்து எண்பதாயிரம். நான் பாதியில் வாசித்து நிறுத்திய அந்தப் பக்கத்துக்கு விலை, அப்பா மகளைப் பார்க்காத நூற்று முப்பத்திரண்டு நாள்.